பூனைக்குட்டியின் தந்தை

ஜும்ஆத் தொழுகைக்காக ஹவுளின் ஓரத்தில் உளூச் செய்ய அமர்கின்றவர்கள், படிக்கட்டின் நிழலில் சுருண்டு கிடக்கும் பூனையைப் பலமுறை கண்டிருப்பார்கள். திண்டுக்கல் பேகம்பூரில் ஹைதர் அலியின் சகோதரியார் அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் பெரிய பள்ளிவாசலாயினும் சரி, சமவெளியின் சிற்றூர்களில் ஓடு வேய்ந்து நிற்கும் சிறிய பள்ளியாயினும் சரி, பூனை வந்து போகாத பள்ளிவாசல் அரிது. ஒருவர் தோள் துண்டை வீசி அதனை விரட்டுவார். மற்றொருவர் பார்த்தும் பாராதவர்போல் இருந்துவிடுவார். அது வாய் வைத்த நீரில் உளூக் கூடுமா என்று ஓர் இளைஞர் கேட்பார்; உடனே இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகப் பதில் கூறுவர்.

இந்தச் சிறிய உயிரின் பெயரையே தம் பெயராகத் தாங்கி, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக முஸ்லிம்களின் நாவில் நிலைத்திருப்பவர் ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள். ஹுரைரா என்றால் பூனைக்குட்டி. அபூஹுரைரா என்றால் பூனைக்குட்டியின் தந்தை. பெற்றோர் இட்ட பெயர் யாது என்பதில் அறிஞர்களிடையே பற்பல கருத்துகள் உள்ளன. அறியாமைக் காலத்தில் அப்து ஷம்ஸ் என்றும், இஸ்லாத்தைத் தழுவிய பின்னர் அப்துர் ரஹ்மான் என்றும் அழைக்கப்பட்டார்கள் என்பதே பெரும்பாலோர் கொண்ட முடிவு. சொந்தப் பெயர் ஆராய்ச்சிக்குரியதாகிவிட, பூனைக்குட்டி தந்த பெயரோ ஐயத்துக்கு இடமின்றி நின்றுவிட்டது.

அவர்கள் அரபுத் தீபகற்பத்தின் தென்பகுதியில் வாழ்ந்த தவ்ஸ் குலத்தில் தோன்றியவர்கள். தந்தையின் பெயர் ஸக்ர் என்பர். இளமையிலேயே அநாதையாகி, வறுமையில் வளர்ந்தார்கள். குடும்பத்தின் ஆடுகளை மேய்ப்பதே தொழில். ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு நாள் முழுவதும் பேச்சுத் துணை இராது. அந்தத் தனிமையில்தான் ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டி அவர்களுக்குத் துணையாயிற்று. இரவில் அதனை ஒரு மரத்தில் வைத்துவிடுவார்கள். விடிந்ததும் எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குச் செல்வார்கள். பகலெல்லாம் அதனோடு விளையாடுவார்கள். இதைக் கண்ட சுற்றத்தார் அபூஹுரைரா என்று அழைக்கலாயினர். இச்செய்தியை அவர்களே கூறியதாக இமாம் திர்மிதீ தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இச்செய்தி இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால், பூனை வளர்த்தவர்கள் அவ்விரு வரிகளுக்குள் இருக்கும் உழைப்பை அறிவார்கள். பூனை, நாயைப்போல் அழைத்தவுடன் வருவதன்று. தெருவில் பிறந்து, மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டியானால், நம் நிழலைக் கண்டாலே சீறும். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதரோடு எளிதில் பழகிக்கொள்ளும் பருவம் என்று விலங்கியல் அறிஞர்கள் கூறுகின்றனர். அப்பருவம் கடந்துவிட்டால் வாரங்கள் மாதங்களாகும். நன்கு வளர்ந்துவிட்ட முரட்டுப் பூனை, மடியில் ஏறி உறங்கும் நிலைக்கு ஒருபோதும் வராமலே போகலாம். கொல்லைப்புறத்தில் வந்து உண்டுவிட்டுப் போகும் அளவுக்கே அதன் நம்பிக்கை நின்றுவிடலாம். அதுவும் நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையைப் பெறுவதற்குக் குறுக்குவழி இல்லை. நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே கிண்ணத்தில் சோற்றையும் மீனையும் வைத்துவிட்டு விலகி அமர வேண்டும். நிமிர்ந்து நிற்பவரைவிடத் தரையில் அமர்ந்திருப்பவரிடம் அதற்கு அச்சம் குறைவு. உற்றுப் பார்த்தலாகாது; உற்றுப் பார்ப்பதை அது மிரட்டலென்றே கொள்ளும். கண்களைப் பாதி மூடி மெதுவாகத் திறந்தால் பூனையும் அவ்வாறே செய்கிறது என்பதையும், அப்படிச் செய்பவரிடம் அது நெருங்கி வருகிறது என்பதையும் 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது ஆராய்ச்சியின்றியே தெரிந்திருந்தது. இத்தனை நாள் பொறுத்தும், ஒரே ஒரு முறை அவசரப்பட்டுக் கழுத்தைப் பற்றிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடித்துவிட்டாலோ, பிறாண்டிவிட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனைக்கடியாலும் வெறிநோய் வரும் என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர்.

தவ்ஸ் நாட்டின் அந்தச் சிறுவர் இரவில் மரத்தில் விட்டுச் சென்ற குட்டி, காலையில் மீண்டும் அவர் கைக்கு வந்ததென்றால், அவர்களிடம் பொறுமை என்னும் குணம் அப்போதே குடிகொண்டிருந்தது என்று நாம் கருதலாம். பிற்காலத்தில் அவர்கள் வாழ்வில் வேறெதனையும்விட அப்பொறுமையே பளிச்சிடுகிறது.

தவ்ஸ் குலத்தின் தலைவரும் கவிஞருமான துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் அழைப்பினால் இஸ்லாம் அக்குலத்தை எட்டியது. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, கைபர் போர் நடைபெற்ற வேளையில், அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஏறத்தாழ முப்பது வயதில் மதீனா வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் அவர்களுடைய அடிமை ஒருவர் இருளில் வழி தவறிப் பிரிந்துபோனார். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்தில் அபூஹுரைரா (ரலி) அமர்ந்திருக்கும்போதே அந்த அடிமை தென்பட்டார். இதோ உம்முடைய ஆள் என்று பெருமானார் சுட்டிக்காட்ட, அந்த இடத்திலேயே அவரை அல்லாஹ்வுக்காக விடுதலை செய்துவிட்டார்கள். உடைமை என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றும் அத்துடன் கையை விட்டுப் போயிற்று.

வீடில்லை, வாணிபமில்லை, நிலமில்லை. மஸ்ஜிதுந் நபவியின் ஓரத்தில் கூரையிட்ட திண்ணையே இருப்பிடம். அங்கு தங்கியிருந்த ஏழைத் தோழர்களைத் திண்ணைத் தோழர்கள் என்பர். பசி பொறுக்காமல் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்களுண்டு. பெருமானாரின் மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்து கிடப்பார்கள். வருவோர் போவோர் வலிப்பென்றோ பைத்தியமென்றோ எண்ணிக் கழுத்தில் காலை வைத்து அழுத்துவார்கள். அது பைத்தியமன்று, பசியைத் தவிர வேறொன்றுமன்று.

ஒருநாள் பசி மிகுந்து, தோழர்கள் நடந்து செல்லும் பாதையோரம் அமர்ந்துவிட்டார்கள். ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் அவ்வழியே வந்தபோது திருக்குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றி வினவினார்கள். வசனம் தெரியாமல் அன்று. பேச்சின் போக்கில் வீட்டுக்கு அழைத்துச் செல்லமாட்டாரா என்ற ஏக்கத்தினால். அவர்கள் விடையளித்துவிட்டுச் சென்றார்கள். பின்னர் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வந்தார்கள். அப்போதும் அவ்வாறே ஆயிற்று. கேட்க நாணி, முகத்தை மட்டும் பார்த்திருக்கும் ஓர் உயிரின் பசியைக் கண்டுகொள்வது எல்லாருக்கும் எளிதன்று. அதற்குப் பின் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள்; உள்ளத்தை உணர்ந்து புன்னகைத்தார்கள்; அபூ ஹிர் என்று, பூனையின் தந்தையென்றே, வாஞ்சையோடு விளித்துத் தம்முடன் வரச் சொன்னார்கள்.

வீட்டில் அன்பளிப்பாக வந்த பால் ஒரு கிண்ணம் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு ஆணை பிறந்தது. இத்தனை பேருக்கு இந்தப் பால் எம்மாத்திரம், தமக்கு மிஞ்சுவதுதான் என்ன என்று உள்ளம் சோர்ந்தாலும் சென்று அழைத்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தைக் கொடுத்து வாங்கும் பணியும் அவர்களுக்கே வாய்த்தது. எல்லாரும் வயிறாரக் குடித்தபின் பெருமானார் (ஸல்) அவர்கள் கிண்ணத்தைக் கையில் ஏந்திப் புன்னகைத்து, இனி நாமிருவர் மட்டுமே மிச்சம் என்றார்கள். அமர்ந்து குடிக்கச் சொன்னார்கள். மேலும் குடிக்கச் சொன்னார்கள். இனி இடமில்லை என்று சத்தியமிட்டுக் கூறும்வரை குடிக்கச் செய்து, எஞ்சியதைக் கடைசியாகத் தாம் அருந்தினார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரீயில் விரிவாக இடம்பெற்றுள்ளது.

வயிற்றுப் பசியைவிட அவர்களை வாட்டிய துயரம் ஒன்று இருந்தது. தாயார் இஸ்லாத்தை ஏற்கவில்லை. அழைக்கும் போதெல்லாம் மறுத்தார். ஒருநாள் பெருமானாரைப் பற்றி மகன் செவிகொண்டு கேட்க முடியாத சொல்லைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஓடினார்கள். தாயாரைக் கடிந்துகொள்ளுமாறு கேட்கவில்லை. அவருக்கு நேர்வழி கிடைக்கத் துஆச் செய்யுமாறு கேட்டார்கள். துஆவைப் பெற்று மகிழ்வுடன் வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் சலசலக்கும் ஓசை. காலடியோசை கேட்ட தாயார் அங்கேயே நிற்குமாறு கூறினார். குளித்து, ஆடையணிந்து, முக்காட்டைக்கூட இட்டு முடிக்காத அவசரத்தில் கதவைத் திறந்து கலிமாவை மொழிந்தார். அபூஹுரைரா (ரலி) அவர்கள் மீண்டும் அழுதுகொண்டே பெருமானாரிடம் ஓடினார்கள், இம்முறை ஆனந்தத்தினால். அந்தத் தாயார் உயிருடன் இருந்தவரை அவரை விட்டு அகல மனமின்றி ஹஜ்ஜுக்குக்கூடச் செல்லவில்லை என்பது முஸ்லிம் நூலில் காணப்படும் செய்தி.

பெருமானாரின் அருகில் அவர்கள் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. ஆயினும் முஹாஜிர்கள் கடைத்தெருவிலும் அன்ஸாரிகள் தோட்டந்துரவிலும் ஈடுபட்டிருந்த வேளைகளில், கிடைத்ததை உண்டு விலகாமல் உடனிருந்தார்கள். நினைவாற்றல் வேண்டித் தம் போர்வையை விரித்ததும், பெருமானார் (ஸல்) கைகளால் அள்ளி அதில் இடுவதுபோல் செய்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னதும், அதன்பின் கேட்டது எதனையும் மறக்கவில்லை என்பதும் நம் மதரஸாச் சிறுவர்களும் அறிந்தவை. மீண்டும் மீண்டும் வருவனவற்றையும் சேர்த்து அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸ்கள் 5374 என்று கணக்கிட்டிருக்கின்றனர். அவர்களிடமிருந்து கேட்டு அறிவித்தவர்கள் எண்ணூறு பேருக்கும் மேல்.

அந்த ஆயிரங்களில் ஒன்றுதான் பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் வரலாறு. ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள், தானும் உணவிடவில்லை, பூமியின் பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை, அது செத்தது, அதன் பொருட்டு அவள் நரகம் புகுந்தாள். இதனை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அழைத்து விசாரித்தார்கள். ஒரு பூனைக்காக அல்லாஹ் தண்டிக்குமளவுக்கு முஃமின் மதிப்பற்றவரல்லர் என்றும், அப்பெண் இறைமறுப்பாளராகவும் இருந்தாள் என்றும், அறிவிக்கும்போது எவ்வாறு அறிவிக்கிறோம் என்று கவனிக்க வேண்டும் என்றும் கூறியதாக முஸ்னத் அஹ்மத் நூலில் வருகிறது. அபூஹுரைரா (ரலி) அவர்களோ, தாம் பெருமானாரிடமிருந்து கேட்டதையே கூறுவதாக மறுமொழி தந்தார்கள். இவ்வரலாறு அவர்கள் வாயிலாக மட்டும் வந்ததன்று. இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரியாரான அஸ்மா (ரலி) அவர்களும், கிரகணத் தொழுகையின்போது பெருமானார் அப்பெண்ணைப் பூனை பிறாண்டும் காட்சியைக் கண்டதாக அறிவித்திருக்கிறார்கள். இமாம் நவவீ அவர்கள், அப்பெண் முஸ்லிமாகவே இருந்தாள், பூனையின் பொருட்டே தண்டனை பெற்றாள் என்பதே சரியான கருத்து என்று எழுதினார்கள்.

மேன்மக்களுக்கிடையே எழுந்த இந்த ஆய்வில் நாம் தீர்ப்புக் கூறத் தகுதியுடையவர்களல்லோம். ஆனால் அந்த ஹதீஸின் ஒரு பகுதி, திண்டுக்கல் சமவெளியில் வாழும் நம்மை நேராகவே பார்க்கிறது. வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டுவிட்டால், கண் திறக்குமுன்போ திறந்தபின்போ கோணிப்பையில் கட்டி ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ புறவழிச் சாலையிலோ விட்டுவரும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொல்லவில்லை, விட்டுத்தான் வந்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பால்குடிக் குட்டிக்குப் பூமியின் பூச்சிகளைத் தேடித் தின்னும் வலிமை ஏது? உணவிடாமையும் பிழைக்கவிடாமையும் அந்தப் பைக்குள் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றன. ஆறேழு வாரங்கள் பொறுத்து, குட்டிகள் தாமே உண்ணத் தொடங்கியபின் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாமே. வெங்காயக் கிடங்குகளுக்கும் நெல் மண்டிகளுக்கும் எலி பெருந்தொல்லையாயிற்றே. பூனையை வேண்டாமென்பார் யார்?

அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள்தாம், தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு வந்து கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற வரலாற்றையும் அறிவித்தார்கள். ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்னும் கருத்து அந்த ஹதீஸில் வருகிறது.

ஹவுள் ஓரத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்புடன் பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று எனப் பெருமானார் (ஸல்) கூறியிருப்பதாக விளக்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், தமக்கு வந்த ஹரீஸா உணவில் பூனை வாய் வைத்த இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். இவ்வாதாரங்களைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் நீர் தூய்மையானது. நம் பகுதியின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனபி மத்ஹபில், வேறு நீர் இருக்கும்போது அதனைப் பயன்படுத்துவது மக்ரூஹ். வேறு நீர் இல்லையேல் அதுவுமில்லை. எலியைத் தின்ற வாயோடு உடனே வந்து குடித்திருந்தால் மட்டும் சட்டம் வேறு. எனவே அந்த இரண்டு பெரியவர்களும் தத்தம் மத்ஹபின்படி சரியாகவே கூறியிருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியதென்று பெருமானார் சட்டைக் கையை வெட்டிக்கொண்டு எழுந்த கதை மேடைகளிலும் கைப்பேசிகளிலும் உலவுகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் அக்கதைக்கு இடமில்லை. உறுதியான செய்திகள் இத்தனை இருக்கையில் ஆதாரமற்றதை நாடுவானேன்?

அந்த உறுதியான செய்திகள் பிற்கால முஸ்லிம்களின் செயல்களிலும் தடம் பதித்தன. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காக வக்பு செய்தார். அத்தோட்டம் கைமாறி அழிந்த பிறகும், 19-ஆம் நூற்றாண்டில் காஜியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு மாலைதோறும் உணவிடப்பட்டதை ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் எழுதிவைத்திருக்கிறார்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் அபூஹுரைரா (ரலி) அவர்களை பஹ்ரைனின் ஆளுநராக நியமித்தார்கள். திரும்பியபோது கையில் பணமிருப்பதைக் கண்டு கடுமையாகக் கணக்குக் கேட்டார்கள். குதிரைகள் பெருகியதாலும் அன்பளிப்புகள் சேர்ந்ததாலும் வந்தது என்று விளக்கினார்கள். ஆயினும் பொருள் பைத்துல்மாலில் சேர்க்கப்பட்டது. பின்னர் மீண்டும் பதவி ஏற்குமாறு உமர் (ரலி) அழைத்தபோது மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் மதீனாவில் மர்வானின் பிரதிநிதியாக இருந்தபோது, விறகுக் கட்டை முதுகில் சுமந்து கடைத்தெருவில் நடந்து, அமீருக்கு வழிவிடுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிச் செல்வார்களாம். முன்னொரு காலத்தில் வயிற்றுச் சோற்றுக்காக எந்தப் பெண்ணின் குடும்பத்தில் கூலியாளாக இருந்தார்களோ, அந்த புஸ்ரா பின்த் கஸ்வான் அவர்களையே மணமுடித்திருந்தார்கள். வீட்டில் இரவை மூன்றாகப் பகுத்து, தாமும் மனைவியும் பணியாளரும் முறைவைத்து எழுந்து தொழுதார்கள்.

வசதி வந்தபின்னும் பழைய பசியை மறக்கவில்லை. ஒருமுறை உயர்ந்த சணல் நூல் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டவர்கள், அபூஹுரைராவுக்கு இத்தகைய துணியா என்று தம்மையே ஏளனம் செய்து, மிம்பருக்கும் அன்னையின் அறைக்கும் இடையே விழுந்து கிடந்த நாட்களை அருகிலிருந்தோரிடம் நினைவுகூர்ந்தார்கள்.

இறுதி நோயில் கண்ணீர் விட்டார்கள். இவ்வுலகைப் பிரிவதற்காக அன்று. பயணம் நெடிது, கட்டுச்சோறு குறைவு என்பதற்காக அழுவதாகச் சொன்னார்கள். ஹிஜ்ரி 57 என்றும் 58 என்றும் 59 என்றும் ஆண்டு பலவாறாகச் சொல்லப்படுகிறது. தம் 78-ஆம் வயதில் மதீனாவை அடுத்த அகீக்கில் வபாத்தானார்கள். ஜனாஸா மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போதைய ஆளுநர் வலீத் இப்னு உத்பா தொழுகை நடத்தினார். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜனாஸாவுக்கு முன்னால் நடந்து சென்றார்கள். ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் நடைபெற்றது.